கூடாரமா, காடா: ஜனவரி நடைக்கு எந்தக் கரை?

காடு கடலோரம் வரை இறங்கி வந்திருக்கும் ஒரு கரையில் நான்கு நாட்கள் நடப்பது, இரவுகளை அங்கேயே கூடாரத்தில் கழிப்பது என்பது எங்கள் நடைக்குழு ஆடி மாதத்திலிருந்து பேசிவரும் திட்டம். குழுவில் 11 பேர் இருக்கிறோம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம் என்று எல்லாரும் வடசென்னைக்காரர்கள். துறைமுகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 63 வயதுப் பெரியவர் ஒருவரும், முழங்கால் வலியோடு ஞாயிறுதோறும் எங்களுக்கு முன்னால் நடக்கும் அக்கா ஒருவரும், கல்லூரியில் படிக்கும் தம்பிகள் இருவரும் இதில் உண்டு. ஜனவரியில் பொங்கல் கழிந்த பிறகு புறப்படலாம் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. எங்கே போவது என்பதில்தான் நான்கு ஊர்களின் பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அந்த நான்கையும் விசாரித்து, ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து, எனக்குச் சரியென்று பட்டதைக் காரணங்களோடு எழுதியிருக்கிறேன்.

இந்த ஆசை எங்களுக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தேர்வின் அளவுகோலே அதில்தான் இருக்கிறது. எங்கள் கரை கல் கொட்டிய கரை. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் பணி தொடங்கி, கடலுக்குள் அதன் கரங்கள் நீண்ட பிறகு, ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் துறைமுகத்தின் தென்புறத்திலேயே தங்கிவிட்டது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிச் செல்லும் கரை மணலில்லாமல் அரிக்கப்பட்டது. வீடுகளையும் சாலையையும் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள், பிறகு கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளைக் கட்டினார்கள். வளைவுகளின் அருகே ஆங்காங்கே மணல் திரும்பி வந்திருக்கிறது என்றாலும், எங்கள் பகுதியில் வளரும் குழந்தைக்குக் கடற்கரை என்பது முதலில் கல்தான். கடலோரத்தில் ஒரு காடு இருக்க முடியும் என்று அந்தக் குழந்தைக்குச் சொன்னால் நம்புவது கடினம்.

ஆனால் இருந்தது. சோழமண்டலக் கரையின் இயல்பான காடு உலர் பசுமைமாறாக் காடு. ஓங்கி உயராத மரங்கள், தடித்த சிறு இலைகள், இடையில் முட்செடிகளும் கொடிகளும் பின்னிக் கிடக்கும் அடர்த்தி, ஆண்டு முழுவதும் உதிர்ந்து மொட்டையாகாத பசுமை ஆகியவை அதன் அடையாளங்கள். ஆறு மாதங்களுக்கு மேல் மழையில்லாத நிலத்தில் பச்சையாகவே நிற்பது அதன் தனித்தன்மை. இன்று அது கோயில் காடுகளிலும், கிண்டியிலும், ஸ்ரீஹரிகோட்டாவிலும், கோடியக்கரையிலும் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. ஆகவே எங்களுக்குத் தேவை ஏதோ ஓர் அழகான கரையன்று. எங்கள் கரையும் ஒருகாலத்தில் இதைப் போல இருந்திருக்கும் என்று எண்ணத்தக்க கரையே எனக்கு முதல் தகுதி. எல்லாரும் இதை ஏற்க வேண்டியதில்லை. நான் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தகுதியில் முதலில் நிற்பது நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது, ஆனால் நம்மால் நுழைய முடியாதது. பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அது. விண்வெளி ஏவுதளத்துக்காக ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டர் நிலம் அங்கே எடுக்கப்பட்டு, 1971இல் தளம் செயல்படத் தொடங்கியது. அதன் பாதுகாப்பு வேலிக்குள் அகப்பட்டதால்தான் அந்தக் காடு இன்றுவரை பிழைத்திருக்கிறது. பொதுமக்கள் அங்கே நடக்கவோ தங்கவோ வழியில்லை. பேச்சில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் ஏங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஏரியின் தென்முனையில் உள்ள பழவேற்காடு ஊரோ ஒரு நாள் நடைக்கு மிகப் பொருத்தமானது. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கெல்டிரியாக் கோட்டையின் எச்சமும், எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயிலுள்ள அவர்களுடைய கல்லறைத் தோட்டமும், முகத்துவாரத்து மீனவக் குப்பங்களும், குளிர்காலத்துப் பூநாரைகளும் அங்கே உண்டு. ஆனால் நடக்கக் கிடைக்கும் கரையில் சவுக்குத் தோப்பும் மணலும்தான், காடு இல்லை. படகுச் சவாரியையும் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை எங்கள் பகுதியில் எவரும் மறந்துவிடவில்லை. பழவேற்காட்டை நான்கு நாள் பயணத்துக்கு அன்றி, பயிற்சி நடைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி மீதமுள்ள மூன்று இடங்கள்: கர்நாடகத்தின் கும்டா–கோகர்ணம் கரை, அந்தமானின் வடமுனையில் உள்ள கலிப்பூர், நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை. இவற்றை விசாரிக்க விசாரிக்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. காடு அடர்ந்திருக்கும் கரை பெரும்பாலும் சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருக்கிறது. அங்கே நாம் விரும்பியபடி கூடாரம் அடிக்க இயலாது. கூடாரம் அடிக்க இடம் கிடைக்கும் கரையில் காடு மெலிந்துவிட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும். அங்கே தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்த பிறகு, நம் மாநிலத்தில் காட்டு நடைக்கான விதிகள் இன்னும் இறுகின. அந்தக் கூட்டத்தில் சென்னையிலிருந்து போன பெண்களும் இருந்தார்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் தங்கலாம் என்று எவராவது சொன்னால், அந்த நாளை நினைத்துப் பார்த்து மறுத்துவிட வேண்டும். ஆக, எங்கள் முன் இருக்கும் உண்மையான கேள்வி மூன்று ஊர்களைப் பற்றியதன்று: காட்டுக்காகக் கூடாரத்தை விடுவதா, கூடாரத்துக்காகக் காட்டை விடுவதா என்பதுதான்.

கூடாரம்தான் முக்கியம் என்பவர்களுக்குக் கும்டா–கோகர்ணம் கரையே ஏற்றது. கல்லூரித் தம்பிகள் இருவரும் அதைத்தான் கேட்கிறார்கள், அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அங்கே கரை ஒரே நீட்டாகப் போவதில்லை. செம்புரைக்கல் பாறை கடலுக்குள் மூக்கு நீட்டும், அதன் இருபுறமும் பிறை போன்ற மணற்கரை அமையும், ஒரு பிறையிலிருந்து அடுத்ததற்குப் பாறை முகட்டின் மேல் ஏறி இறங்க வேண்டும். நடுவில் அகநாசினி ஆறு கடலில் சேரும் இடத்தில் ததடிக்குப் படகில் கடக்கலாம். கோகர்ணத்துப் பக்கம் பேரடைஸ், ஹாஃப் மூன், ஓம், குட்லே என்று கடற்கரைகள் வரிசையாக வரும். மொத்தம் 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்; இரண்டு நாட்களில் நிதானமாக முடிக்கலாம். இடையில் தனியார் இடங்களில் கூடாரம் வாடகைக்குக் கிடைக்கிறது. நமக்குப் போக்குவரத்தும் எளிது: சென்ட்ரலில் இரவில் மங்களூர் மெயிலில் ஏறினால் மறுநாள் மங்களூர், அங்கிருந்து கொங்கண் ரயில் பாதையில் கும்டாவுக்குச் சில மணி நேரம். காசிமேட்டிலிருந்து சென்ட்ரலுக்குப் போவது எங்களுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போவது போலத்தான்.

அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. பாறை முகட்டுப் பாதையில் உதிரிக் கற்கள் அதிகம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைத் தாக்கும். அக்காவுக்கு அது இரண்டாம் நாள் காலையிலேயே துன்பமாகிவிடும் என்று அஞ்சுகிறேன். கோகர்ணத்துக் கடற்கரைகளில் ஜனவரியில் கூட்டம் நிறையும். பாறைகளின் மேல் புதரும் முந்திரியும் புல்லும் இருக்கின்றனவே தவிர, காட்டுக்குள் நடக்கும் உணர்வு விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருங்காடு கண்ணுக்கெட்டும் தொலைவில் கிழக்கே நிற்கும். நாம் நடப்பது அதற்கு வெளியே.

அந்தமானைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் காட்டைப் பொறுத்தவரை அதற்கு ஈடில்லை என்பதும், இந்த ஜனவரிக்கு அது ஒத்துவராது என்பதும் இரண்டுமே எளிதில் விளங்குபவை. வட அந்தமானில் திக்லிப்பூருக்கு அருகே கலிப்பூர்க் கடற்கரை இருக்கிறது. அதை அடுத்த லாமியா விரிகுடாவிலிருந்து சாடில் பீக் மலைக்குச் செல்லும் பாதை முதலில் கடலோரமாக, ஈரக் காட்டின் நிழலில் போய், பிறகு மேலே ஏறுகிறது. தீவுக்கூட்டத்தின் மிக உயர்ந்த சிகரமான அதன் உயரம் 732 மீட்டர். அது தேசியப் பூங்கா. காலையில் வனத்துறைச் சாவடியில் பதிந்துவிட்டு நுழைந்து, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ஆக, அங்கும் கூடாரம் இல்லை. முகத்துவாரங்களில் உவர்நீர் முதலைகள் இருப்பதால் ஆற்றைக் காலால் கடப்பதோ இருட்டில் நீரோரம் நிற்பதோ கூடாது. சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் புறப்படுகிறது என்பது எங்கள் பெரியவருக்கு மிகப் பிடித்த செய்தி. தாம் பல ஆண்டுகள் கரையில் நின்று வழியனுப்பிய கப்பலில் ஒருமுறையாவது ஏற வேண்டும் என்பார். ஆனால் கடலில் ஒரு வழிக்கே ஏறத்தாழ மூன்று நாட்கள். பிறகு, போர்ட் பிளேர் என்றிருந்து 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய தலைநகரிலிருந்து திக்லிப்பூருக்குச் சாலை வழியே ஒரு முழு நாள் ஆகும். விமானத்தில் போனால் நாட்கள் குறையும், செலவு கூடும். இரண்டு வார விடுப்பு கிடைக்கும் ஆண்டில் பெரியவருக்காகவே அதைச் செய்ய வேண்டும். பொங்கல் விடுமுறையை ஒட்டிய ஒரு வாரத்தில் அதைத் திணிப்பது சரியாகாது.

எனவே என் தேர்வு கோடியக்கரை.

நிலப்படத்தைப் பார்த்தால் அந்த இடத்தின் சிறப்பு உடனே புலப்படும். நம் ஊரிலிருந்து தெற்கே ஏறத்தாழ நேர்கோடாக இறங்கிவரும் கரை, கோடியக்கரையில் மேற்கு நோக்கிச் செங்கோணத்தில் திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. அந்த மூலையில்தான் காடு இருக்கிறது. ஊர்க்காரர்கள் கோடியக்காடு என்கிறார்கள். வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் தமிழ்நாட்டின் முதல் ஈரநிலமாக இடம்பெற்றது. காட்டின் தலைமை மரம் பாலை. அதனோடு நாவலும் காசானும் உண்டு. நான் முதலில் சொன்ன உலர் பசுமைமாறாக் காடு இதுதான். ஸ்ரீஹரிகோட்டாவில் வேலிக்கு வெளியே நின்று நாம் ஏங்கும் அதே வகைக் காட்டை இங்கே அனுமதிச் சீட்டோடு, கால்நடையாகச் சென்று பார்க்கலாம். எங்கள் திருவொற்றியூர்க் கரையில் ஒருகாலத்தில் எந்த நிழல் விழுந்திருக்கும் என்று அறிய வேறெங்கும் போக வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன்.

காட்டின் நடுவே புல்வெளிகள் திறந்துகொள்ளும் இடங்களில் வெளிமான்கள் மேயும். முதிர்ந்த ஆண், முதுகு கருத்து வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்போடு தனியே நிற்கும்; வெயில் ஏறுவதற்கு முன் போனால் நன்றாகக் காணலாம். என்றோ மனிதரிடமிருந்து விலகி அங்கேயே பெருகிவிட்ட மட்டக்குதிரைகளும், புள்ளிமானும், காட்டுப்பன்றியும், நரியும் உண்டு. காட்டுக்கு மேற்கே சதுப்பும் உப்பளமும் விரிகின்றன. குளிர்காலத்துப் பறவைகள் அங்கேதான் கூடுகின்றன. வட துருவத்தை ஒட்டிய பனிநிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் கொசு உள்ளான் என்ற சிட்டுக்குருவியளவுப் பறவையிலிருந்து, நம் இடுப்பைத் தாண்டும் பூநாரை வரை பலவும் வரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே நெடுங்காலமாகப் பறவைகளுக்குக் காலில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதையை ஆராய்ந்து வருகிறார்கள். பறவைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை இருக்கும் என்றாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் மழையும் உண்டு; 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியில்தான் கரை கடந்து, காட்டின் மரங்களையும் ஊர்களின் தென்னைகளையும் சாய்த்தது. ஜனவரியின் பின்பாதிதான் பாதுகாப்பும் பறவையும் ஒருசேரக் கிடைக்கும் காலம்.

கூடாரம் இல்லையே என்ற குறைக்கு என்ன விடை? சரணாலயத்துக்குள் கூடாரம் கிடையாது; அதில் மாற்றமில்லை. ஆனால் கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்பதிவு செய்து தங்கலாம். அறை கிடைக்காதவர்களுக்கு 10 கிலோமீட்டர் சுற்றளவில் வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. ஓலையும் அலையும் எழுப்பும் ஒலியோடு துணிச் சுவருக்குள் உறங்குவது வேறு, ஓட்டுக்கூரைக்குக் கீழே உறங்குவது வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெற்கே ஒரு குப்பத்தருகே கூடாரம் அடித்தோம். கடல் ஒதுக்கிய பாசியும் சிப்பியும் கிடந்த கோட்டுக்கு மேலேதான் அடித்தோம் என்றாலும், அன்று முழுநிலவு என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. பின்னிரவில் அலை ஏறி, பைகளும் அரிசியும் நனைந்தன. நம் கரையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமாக ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், தாழ்ந்த மணற்கரையில் அந்த ஒரு மீட்டர் நீண்ட தூரம் உள்ளே வரும். அன்று இரவு முழுவதும் நாங்கள் கூடாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், கடலைப் பார்க்கவில்லை. கூரையின் கீழே நன்றாக உறங்கி எழுந்து, விடிவதற்கு முன் காட்டு வாயிலில் நிற்பவருக்குக் கிடைப்பது, ஈரக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருப்பவருக்குக் கிடைக்காது.

நடைக்கு நான் எண்ணியிருக்கும் வழி இது. முதல் நாள் புஷ்பவனத்தில் கடற்கரைக்கு இறங்கி வேதாரண்யம் வரை. வாடைக் காற்று முதுகில் தள்ளும், ஆகவே வடக்கிலிருந்து தெற்கே நடப்பதே எளிது. அன்று மாலை அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவிடத்தைப் பார்த்துவிடலாம். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் நடந்து வந்து உப்பெடுத்த இடம் அது. நடப்பவர்களாகிய நாம் அங்கே சற்று நின்று போவது முறை. இரண்டாம் நாள் ஆறுகாட்டுத்துறை, மணியன்தீவு வழியாகக் கோடியக்கரை நோக்கி நடக்கலாம். சரணாலய எல்லை தொடங்கும் இடத்தில் கரையை விட்டுச் சாலைக்கு வந்துவிட வேண்டும். மூன்றாம் நாள் முழுவதும் காட்டுக்கு. வனக்காவலரோடு, அனுமதித்த பாதையில், மணல்மேட்டின் மீதுள்ள ராமர் பாதம் வரை சென்று திரும்பலாம். நான்காம் நாள் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டைப் படகில் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது. எந்த நாளும் 15 கிலோமீட்டரைத் தாண்டாது, ஏற்ற இறக்கமும் கிட்டத்தட்ட இல்லை. அக்கா கவலையின்றி வரலாம். ஈர மணலில் நடந்தால்தான் கால் புதையாது என்பதால் வற்றத்தின் நேரத்தைப் பார்த்துப் புறப்பட வேண்டும். சதுப்பின் பக்கம் சேறு முழங்கால் வரை இழுக்கும். பறவையைப் படமெடுக்கும் ஆர்வத்தில் எவரும் பாதையை விட்டு இறங்கக் கூடாது.

போய்ச் சேர்வதுதான் வடசென்னைக்காரர்களுக்குச் சோதனை. தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்டதால், விம்கோ நகரில் மெட்ரோவில் ஏறி விமான நிலையம் வரை நகரத்தை முழுதாகக் கடந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்தும் பிடித்த பிறகுதான் பயணமே தொடங்கும். இரவுப் பேருந்தில் வேதாரண்யம் வரை நேரே போய்விடுவது சிறந்தது. ரயிலை விரும்புபவர்கள் திருத்துறைப்பூண்டி வரை வந்தால், 2023இல் அகலப் பாதையாக மீண்டும் திறக்கப்பட்ட அகத்தியம்பள்ளி வழித்தடத்தில் மீதித் தூரம் வரலாம். உப்பளங்களின் நடுவே போகும் அந்த வண்டி பார்க்கத் தக்கது, ஆனால் நேரம் பொருந்துகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாளைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தை அமாவாசையன்று கோடியக்கரைக் கடலில் நீராடவும் முன்னோருக்குத் திதி கொடுக்கவும் பெருங்கூட்டம் வரும். தர்ப்பணம் செய்ய விரும்புபவர் தனியே அன்றைக்கு வரலாம். நடைக்கு அந்த நாளைத் தவிர்த்து, முன்போ பின்போ மூன்று நாட்கள் தள்ளி வைத்துக்கொள்வோம். காட்டுக்குள் அடுப்பு மூட்ட இயலாது என்பதால் கட்டுச்சோறு, அவல், கடலை மிட்டாய், வாழைப்பழம் ஆகியவை போதும். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீரைப் பாத்திரத்தில் சுமக்க வேண்டும். கடையில் வாங்கும் பாட்டில்களைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

தம்பிகள் இருவருக்கும் கூடாரத்தின் மேல் ஆசை தீரவில்லை என்றால், பிப்ரவரியில் அவர்கள் கும்டாவுக்குப் போகட்டும். என் கூடாரத்தையும் தலைவிளக்கையும் கொடுத்தனுப்புகிறேன். கோடியக்கரைக்கு வருபவர்கள் தங்கள் அடையாள அட்டையின் நகலை இந்த வாரத்துக்குள் கொடுத்தால், நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தோடு இணைத்துவிடலாம். அதற்கு முன் ஒரு ஞாயிறன்று பழவேற்காட்டில், முதுகில் முழுச் சுமையோடு, கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே மணலில் 10 கிலோமீட்டர் நடந்து பார்ப்போம். காலை 4.30க்குத் தேரடியில் கூடினால், வெயில் ஏறுமுன் பாதித் தூரம் கடந்துவிடலாம்.